லஸ்ஸில் இறங்கி ஏறியவன்

என் தென்துருவப் பயணம் மயிலாப்பூர் குளக்கரையில் ஒரு செருப்பில் தொடங்கியது.

கீரைக்கட்டுடன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பூக்காரம்மாவின் குரல்: "சார், செருப்ப வுட்டுட்டுப் போய்க்கினே கீறியே!" திரும்பிப் பார்த்தால், என் வலதுகால் செருப்பு நடுத்தெருவில் தனியாகக் கிடந்தது. அது எப்போது கழன்றது என்று காலுக்குத் தெரியவில்லை. ஆவணி வெயிலில் காய்ந்த தார்ச்சாலை சுட்டதும், பக்கத்து வீட்டுச் சண்டைபோல, எங்கோ தொலைவிலிருந்து மந்தமாகத்தான் வந்து சேர்ந்தது. போய்ச் செருப்பை மாட்டினேன். கட்டைவிரலால் வாரைப் பிடிக்க முடியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

காரணம், அந்த வாரம் ஒரு தீபாவளி மலருக்காக நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை. நகைச்சுவை எழுதிப் பிழைப்பவன் நான். ஆனால் ரகசியமாக வாசிப்பதெல்லாம் உறைபனியில் போனவர்கள், பாலையில் தொலைந்தவர்கள், கடலில் மிதந்தவர்கள் கதை. ஊருக்குள்ளேயே இருக்கும் ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போவதற்கே இரண்டு பேரிடம் வழி கேட்பவனுக்கு இந்த வியாதி எப்படி வந்தது என்று தெரியவில்லை. பல நூற்றாண்டுப் பயணிகளையும், ஆபத்தில் சிக்கித் தப்பியவர்களையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல மார்க் போடுவது என் திட்டம். அன்று காலைதான் பனிக்கடி பற்றி எழுதியிருந்தேன். முதலில் கால்விரல் மரத்துப்போகும்; பிறகு அது தன்னுடையதே இல்லை என்று தோன்றும். ஆகவே செருப்பு கழன்றபோது, எழுத்தில் எப்பேர்ப்பட்ட ஈடுபாடு பார், விஷயம் உடம்பிலேயே இறங்கிவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

மறுநாள் ஊறுகாய் ஜாடி மூடி திறக்கவில்லை. அதற்கு மறுநாள் மாடிப்படியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. என் மனைவி உஷா உள்ளே பாட்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பாதி வர்ணத்தில் வெளியே வந்து பார்த்தாள்.

"அங்க என்ன பண்றேள்?"

"சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"எழுந்திருங்கோ பார்ப்போம்."

நான் எழுந்திருக்கவில்லை. அவள் ஆட்டோ கூப்பிட்டாள். வகுப்பிலிருந்த பெண்களின் அம்மாக்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு தோளாக என்னைத் தூக்கி ஏற்றினார்கள். துருவப் பயணங்களில் நாய்கள் இழுத்திருக்கின்றன, குதிரைகள் இழுத்திருக்கின்றன. மடிசார் மாமிகள் தூக்கிய முதல் பயணி நானாகத்தான் இருப்பேன்.

அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனை. காத்திருக்கும் கூடத்தில் எல்லாரும் ஒரே தொலைக்காட்சியை, ஒலியில்லாமல், அது ஏதோ தங்கள் ரிப்போர்ட்டைப் படிக்கப்போகிறது என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும், நரம்பியல் பிரிவில் டாக்டர் நிவேதா என்ற இளம்பெண் என் முழங்காலில் ரப்பர் சுத்தியலால் தட்டினார். சாதாரணமாகக் கால் ஒரு உதை உதைக்க வேண்டும். என் கால் அரசு அலுவலகம்போல எந்தப் பதிலும் தராமல் தொங்கியது. கணுக்காலிலும் அப்படியே. டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் பின்வாங்கியது.

"சமீபத்துல வயித்துப்போக்கு ஏதாவது வந்துதா சார்?"

வந்தது. வடபழனியில் ஒரு கல்யாணம், அதில் ஒரு தயிர்வடை. இரண்டு வாரம் முன்பு. அது முடிந்துபோன விவகாரம் என்று நினைத்திருந்தேன்.

பெயர் சொன்னார்கள்: ஜி.பி.எஸ். ஆங்கிலத்தில் எழுதினால் வழிகாட்டும் கருவிக்கும் இதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். டாக்டர் நிவேதா ஒரு மின்சார ஒயரை உதாரணம் காட்டினார். நரம்பு என்பது உள்ளே இருக்கும் செம்புக் கம்பி, மேலே உறை. வயிற்றுக்குள் வந்த கிருமியோடு சண்டை போடப் புறப்பட்ட நம் உடம்பின் சொந்தப் படை, கிருமி போன பிறகும் ஆள் அடையாளம் தெரியாமல் நரம்பின் உறையை அடிக்கத் தொடங்குகிறது. உறை கிழிந்தால் செய்தி போகாது. நோய் கீழிருந்து மேலே வரும். பாதம், முழங்கால், இடுப்பு, கை.

"எதுவரைக்கும் வரும்?" என்று கேட்டாள் உஷா.

"சிலருக்கு முழங்காலோட நின்னுடும் மேடம். சிலருக்கு நெஞ்சு வரைக்கும் வரும். மூச்சு விடற தசைக்கும் நரம்புதானே செய்தி கொண்டு போகணும்? அதுதான் எங்க கவலை. பெரும்பாலும் சரியாயிடற வியாதி. ஆனா சரியாகறதுக்கு முன்னாடி ஏறும். எங்க நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

சோதனைகள் நடந்தன. கை கால்களில் மின்னதிர்வு கொடுத்து, செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். அது தபால் வேகத்தில் போனது. முதுகெலும்பின் இடுக்கில் ஊசி நுழைத்து நீர் எடுத்தார்கள். அதில் புரதம் கூடியிருந்தது. நோய் உறுதி. பிறகு சிகிச்சை. பெயர் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருள், கண்ணாடிப் புட்டிகளில். அது சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, கலகம் செய்யும் படையைச் சமாதானப்படுத்த வேண்டும். விலையை உஷா என்னிடம் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு புட்டி காலியாகும்போதும், அடியில் தங்கியதும் இறங்கிவிட்டதா என்று அவள் சாய்த்துப் பார்த்ததிலிருந்து ஊகித்துக்கொண்டேன்.

மருந்து வேலை செய்ய நாளாகும். நோயோ மேலே வந்துகொண்டிருந்தது. இரண்டில் எது முந்தும் என்பதுதான் கேள்வி. வேறு கேள்வியே அந்த நாட்களில் எங்களுக்கு இல்லை.

மூச்சை அளக்க ஒரு சின்னக் கருவி உண்டு. குழலை உதட்டால் கவ்வி ஊத வேண்டும். ஆனால் அதற்குள் நோய் முகத்துக்கும் வந்துவிட்டிருந்தது. உதடுகள் சரியாக மூடவில்லை. ஊதிய காற்றில் பாதி ஓரமாக ஒழுகியது. கருவி காட்டியதை நம்ப முடியவில்லை. எனவே டாக்டர் பழைய முறைக்குப் போனார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே மூச்சில், நிதானமாக ஒன்று இரண்டு மூன்று என்று எண்ண வேண்டும். மூச்சு தீரும்போது நிற்க வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இதுதான் பரீட்சை.

இரண்டாம் நாளே எனக்கு எண்கள் அலுத்துவிட்டன. கணக்கில் நான் எப்போதும் பின்வரிசை. வார்டில் மோகன் என்று ஓர் உதவியாளர் இருந்தார். என்னைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, தூக்கி உட்காரவைப்பது எல்லாம் அவர்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் வழி சொன்னார்.

"இன்னா சார், நம்பரு சொல்றதுக்கு இம்மாம் பேஜாரா? பஸ் ஸ்டாப்பு சொல்லேன். பட்டினப்பாக்கத்துல ஏறி குந்து, வடபழனில எறங்கு."

டாக்டர் நிவேதா சிரித்தார். "சரி, எண்ணிக்கை நான் வெச்சுக்கறேன். நீங்க ஒரே வேகத்துல சொல்லுங்க."

பட்டினப்பாக்கம், சாந்தோம், கச்சேரி ரோடு, குளம், லஸ், ஆழ்வார்பேட்டை, எல்டாம்ஸ் ரோடு, தேனாம்பேட்டை, பாண்டி பஜார், பனகல் பார்க், லிபர்ட்டி, பவர் ஹவுஸ், வடபழனி. இந்த வரிசையில் போக்குவரத்துத் துறைக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம், மூச்சு என்னுடையது. முதல் தடவை வடபழனி போய், திரும்பி, தேனாம்பேட்டை வரை வந்துவிட்டேன். மோகன் விசில் அடித்தார்.

அடுத்த நாள் வடபழனியில் வண்டி நின்றுவிட்டது. திரும்ப முடியவில்லை. அன்று மாலை பவர் ஹவுஸ்.

இப்போது நான் உண்மையிலேயே ஒரு பயணி. படுத்தபடி நகரத்தின் குறுக்கே போய்க்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னதாகவே பனி வந்து வழியை அடைக்கிறது. கட்டுரையை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். துருவத்துக்குப் போன இரண்டு கேப்டன்களைப் பற்றிய பகுதி அது. ஒருவர் துருவத்துக்குக் கைக்கெட்டும் தூரம் வரை போய், இருக்கிற சாப்பாடு திரும்பி வரப் போதாது என்று கணக்குப் பார்த்து, கூட வந்தவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். இன்னொருவர் துருவத்தைத் தொட்டார். தொட்டபோது அங்கே ஏற்கெனவே வேறொருவன் கொடி பறந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில், உணவு புதைத்துவைத்த இடத்தை எட்ட முடியாமல், கூடாரத்துக்குள் உறைந்து இறந்தார். இரண்டாமவருக்கு நான் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டிருந்தேன். முதலாமவருக்கு முப்பத்தைந்து. பாஸ், அவ்வளவுதான்.

உஷாவுக்கு இதில் சம்மதமே இல்லை. வீட்டிலேயே இதைப் பற்றிச் சண்டை நடந்திருக்கிறது.

"மூச்சு எவ்வளவுன்னு தெரிஞ்சு அதுக்குள்ள பாடறவன்தான் பாடகன். தம் கட்டி இழுத்துண்டு போய் நடுவுல அறுந்து விழறவனுக்கு எதுக்கு மார்க்கு?"

"அது வீரம் உஷா."

"வீரமா? கூடப் போனவாளோட ஆத்துக்காரிகளைக் கேளுங்கோ."

மோகனுக்கும் இந்தப் பட்டியலில் ஆர்வம் வந்துவிட்டது. என்னைத் துடைக்கும்போது கதை கேட்பார்.

"அந்த வெள்ளக்காரன் அங்க எதுக்கு சார் போனான்? அங்க இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல மோகன். பனிதான்."

"ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு தானாப் போய் மாட்டிக்கினான். நாங்கோ ஒண்ணியும் பண்ணாம வூட்ல குந்திக்கினு இருந்தோம், ஆறு உள்ள வந்துச்சு. ரெண்டு நாளு மொட்ட மாடில. அப்பால எங்கள தூக்கிக்கினு போயி ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல போட்டாங்கோ. அங்கேந்து டூட்டிக்கு வர்றதே ஒரு துருவம் சார். எனுக்கு எவ்ளோ போடுவே?"

யோசிக்க வேண்டும் என்றேன். பயணம் புறப்பட்டுப் போனவனையும், இருந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டவனையும் ஒரே தாளில் திருத்த முடியுமா என்பது கட்டுரையிலேயே தீராத சிக்கல்.

"யோசி. ஆனா பெயிலாக்கிடாத நைனா."

மறுநாள் காலை லிபர்ட்டி. டாக்டர் நிவேதா கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நல்லதில்லை.

"சார், தெளிவா சொல்லிடறேன். பனகல் பார்க் தாண்ட முடியலைன்னா உங்களை ஐசியூவுக்கு மாத்தி, தொண்டைல குழாய் போட்டு, மெஷின்ல மூச்சு கொடுப்போம். முன்கூட்டியே, நிதானமா போட்டா பாதுகாப்பு. மூச்சு திடீர்னு நின்னப்புறம் அவசரமா போட்டா ரிஸ்க் அதிகம். இந்த வியாதில நோயாளி பார்க்க நல்லாவே இருப்பார், பேசிட்டே இருப்பார். அப்படியே இருந்து டக்குனு விழுந்துடுவார். அதனால நீங்க எனக்கு உண்மையான நம்பர் கொடுக்கணும்."

சரி என்று தலையாட்டப் பார்த்தேன். தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

குழாய் என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. கை கால் போய்விட்டது. அசைவது கண்ணும் நாக்கும் மட்டும். பேச்சு ஒன்றுதான் என்னிடம் மிச்சமிருந்த சொத்து. அதையும் அடைத்துவிட்டால் என்னில் நான் என்று எதுவும் மிச்சமில்லை. மெஷினில் போனவர்கள் திரும்பாத கதைகளும் தெரியும். காத்திருக்கும் கூடத்தில் அதைத் தவிர வேறு எதைப் பேசுகிறார்கள்? மதியம் தனியாக ஒத்திகை பார்த்தேன். எல்டாம்ஸ் ரோட்டில் காற்று தீர்ந்துவிட்டது. இன்னொரு முறை: ஆழ்வார்பேட்டை. வியர்த்தது.

அப்போதுதான் கண்டுபிடித்தேன். 'லஸ்' என்பதில் ஒரு 'ஸ்' இருக்கிறது. அந்த 'ஸ்'ஸை வெளியே விடாமல் உள்ளே இழுத்துச் சொல்லலாம். ஓசை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த இடத்தில் நெஞ்சுக்குள் ஒரு கைப்பிடி புதுக்காற்று வந்துவிடும். யாருக்கும் தெரியாது. எந்தக் கேப்டனுக்கும் கிடைக்காத உணவுக் கிடங்கு, லஸ் முனையில் எனக்காகப் புதைத்துவைக்கப்பட்டிருந்தது.

மாலை பரீட்சை. டாக்டர் நிவேதா கட்டில் ஓரத்தில். மோகன் கால்மாட்டில்.

பட்டினப்பாக்கம், சாந்தோம், கச்சேரி ரோடு, குளம், லஸ்... என்று உள்ளே இழுத்து, ஆழ்வார்பேட்டை, எல்டாம்ஸ் ரோடு, தேனாம்பேட்டை, பாண்டி பஜார், பனகல் பார்க், லிபர்ட்டி.

"பரவால்லியே!" என்றார் டாக்டர். நிம்மதி அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. "காலைல இருந்த அளவே இருக்கு. அப்போ ஏற்றம் நின்னிருக்கலாம். ராத்திரி வார்டுலயே வெச்சுப் பார்க்கலாம்." எழுந்தார். மோகன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் ஒரு நாட்டைக் கண்டுபிடித்தவன்போலப் படுத்திருந்தேன்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் உஷா நின்றிருந்தது யாருக்கும் தெரியாது. கீழே கூடத்தின் மூலையில் உட்கார்ந்து, போனில் யாருக்கோ வகுப்பு எடுத்துவிட்டு, பிளாஸ்கோடு அப்போதுதான் மேலே வந்திருந்தாள். சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பிளாஸ்கை வைக்கவில்லை.

"டாக்டர், ஒரு நிமிஷம். இவர் லஸ்ல இறங்கி மறுபடி ஏறறார்."

"என்ன மேடம்?"

"ஒரே மூச்சு இல்லை. லஸ்ல ஒரு கள்ள மூச்சு எடுத்தார். 'ஸ்' உள்ள போச்சு, வெளில வரலை. எங்கிட்ட இருபது வருஷமா குழந்தைகள் இதைப் பண்ணிண்டிருக்கு. எனக்குத் தெரியாதா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஐம்பத்துமூன்று வயதில், கீழ்வீட்டு மாங்காயோடு பிடிபட்ட பையனின் முகம் எனக்கு இருந்திருக்க வேண்டும். முகத் தசைகள் செயலிழந்திருந்ததால் அது முழுவதும் வெளிப்படவில்லை என்று நம்புகிறேன்.

உஷா என் பக்கம் குனிந்தாள். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ. எனக்காக. தீர்ந்து போற இடத்துல நிறுத்திடுங்கோ."

அவள் கையைத் தொடையில் வைத்து, வகுப்பில் போடுவதுபோல மெல்லத் தாளம் போட்டாள். நான் மூச்சை இழுத்தேன். உள்ளே போனது கொஞ்சம்தான்.

பட்டினப்பாக்கம். சாந்தோம். கச்சேரி ரோடு. குளம். ல...

'ஸ்' வரவில்லை.

அடுத்த பத்து நிமிடங்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. சக்கரங்கள். மேலே ஓடும் விளக்குகள். மணிக்கட்டில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் வெளியேற வேண்டிய கரியமில வாயு தேங்கியிருப்பதாக யாரோ சொன்னது. நிலாவுக்குப் புறப்பட்டு, நடுவழியில் வெடிப்பு நேர்ந்து, இறங்காமலே அதைச் சுற்றிக்கொண்டு திரும்பிய மூவர் நினைவுக்கு வந்தார்கள். அவர்களைக் கொல்லப் பார்த்ததும் இதே வாயுதான், தாங்களே விட்ட மூச்சு. அட்டை, பிளாஸ்டிக் பை, ஒட்டும் நாடா, குழாய் இவற்றை வைத்து ஒரு வடிகட்டி செய்து பிழைத்தார்கள். நிலாவில் கால் வைக்கவில்லை என்று அவர்களுக்கும் நான் மார்க் குறைத்திருந்தேன்.

ஐசியூ வாசலில் டாக்டர் நிவேதா உஷாவிடம் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. "இன்னிக்கு ராத்திரி வார்டுல இருந்திருந்தார்னா..."

உஷா என் நெற்றியில் கை வைத்தாள். "பயமா இருக்கா?"

இருந்தது. ஆமாம் என்று சொல்லக் காற்று இல்லை. கண்ணை மூடித் திறந்தேன்.

"எனக்கும்," என்றாள். "திரும்பி வரத்துக்குத்தான் போறேள். ஞாபகம் வெச்சுக்கோங்கோ."

பிறகு மயக்க மருந்து.

கண் விழித்தபோது என் மூச்சு என்னுடையதாக இல்லை. மெஷின் உள்ளே தள்ளியது, வெளியே எடுத்தது. அதன் தாளத்துக்கு நான் உடன்பட வேண்டும். எதிர்த்து இழுத்தால் அலாரம் கத்தும். பகலும் இரவும் ஒரே வெள்ளை விளக்கு. மூக்கின் நுனி அரித்தால் அதை யாரிடமும் சொல்ல முடியாது. மேற்கே பார்த்து நம் நாட்டுக்குக் கிளம்பி, பாலைவனத்தில் தண்ணீர்ப் பையைத் தவறவிட்ட சீனத் துறவி ஒருவர் உண்டு. பின்னாளில் நம் காஞ்சிவரை வந்து போனவர். தொண்டை காய்ந்து, மணலில் விழுந்து கிடந்து, குதிரை வாசனை பிடித்துப் போன திசையில் தண்ணீரைக் கண்டவர். அவருக்கு என் கட்டுரையில் ஒதுக்கியது மூன்று வரி. தாகம் என்றால் மூன்று வரியில் அடங்காது என்று குழாய் போட்ட தொண்டைக்குத் தெரிந்தது. அரையடி தூரத்தில் தண்ணீர்ப் புட்டி இருந்தது. அது எனக்கு, அவருக்கு எட்டாமல் கிடந்த மேற்குத் திசை.

பார்வையாளர் நேரத்தில் உஷா வருவாள். கதைபேச என்னால் முடியாது. அதனால் அவள் என் கட்டுரைப் பிரதியை எடுத்து வந்து சத்தமாக வாசித்தாள். வாசித்துக்கொண்டே திருத்தினாள்.

"திரும்பி வந்த கேப்டனுக்கு முப்பத்தஞ்சு ரொம்பக் கம்மி. ஏத்தலாமா? சரின்னா கண்ணை மூடுங்கோ."

நான் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தேன்.

"முழிக்கறேள். பரவாயில்லை, நானே ஏத்திடறேன்."

தன் கட்டுரையில் மற்றவர் கை வைப்பதை ஓர் எழுத்தாளன் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது உலகிலேயே அதுதான் முதல் முறையாக இருக்கும். நிலாவைச் சுற்றியவர்களுக்கு எழுபது. துறவிக்கு எண்பது. துருவத்தைத் தொட்டவரிடம் வந்தபோது அவள் பேனா நின்றது. பிறகு, "பாவம், விடுங்கோ, இவருக்கு இருக்கறது இருக்கட்டும்," என்றாள். அவள் குரல் அப்போது லேசாக உடைந்ததை மெஷினின் சத்தம் மறைக்கப் பார்த்தது. எனக்கும் காது உண்டு.

ஒருவழியாக நோயின் ஏற்றம் நின்றது. சில நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு வந்த வழியே, வந்ததைவிட மெதுவாக, இறங்கத் தொடங்கியது. ஒரு காலை வலது தோள் சிலிர்த்தது. மெஷினின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மூச்சு விடக் கற்றுக்கொள்வது சைக்கிள் கற்றுக்கொள்வதுபோல. பின்னால் பிடித்திருப்பவர் எப்போது கையை எடுத்தார் என்று தெரியக்கூடாது. எனக்குத் தெரிந்துவிடும், உடனே விழுவேன், அலாரம் கத்தும். மறுபடி முதலிலிருந்து.

கடைசியில் குழாயை எடுத்தார்கள். டாக்டர் நிவேதா நாற்காலி போடாமல் நின்றுகொண்டே கேட்டார். "எங்க, பார்ப்போம்?"

உஷா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கேட்பதற்காக.

பட்டினப்பாக்கம், சாந்தோம், கச்சேரி ரோடு, குளம், லஸ், ஆழ்வார்பேட்டை. குரல் ஆட்டோ ஹாரன்போலக் கரகரத்தது. அடுத்த நிறுத்தம் தெரிந்தது, தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது. காற்றில்லை. நிறுத்திக்கொண்டேன்.

உஷா கண்ணைத் திறந்தாள். "சுத்தமா இருந்தது," என்றாள் டாக்டரிடம். அவளுடைய மாணவிகளில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் கிடைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வெகு சிலருக்கு.

வார்டுக்குத் திரும்பியதும் மோகன் வந்தார். "இன்னா சார், கம்பி நீட்டிட்டேன்னு நெனச்சேன். எம் மார்க்கு இன்னா ஆச்சு?" இன்னும் திருத்தவில்லை என்றேன். உண்மையில் அந்தத் தாளை என்னால் திருத்த முடியாது; அதே வகுப்பில் பக்கத்து பெஞ்சில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மலர் நான் இல்லாமலே அச்சேறி வெளிவந்துவிட்டது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதன் பிறகு மாதக்கணக்கில் உடற்பயிற்சி. வீட்டுச் சுவரைப் பிடித்து, பிறகு வாக்கரைப் பிடித்து, பிறகு கைத்தடி. பாட்டு வகுப்பு அம்மாக்கள் முறைவைத்து ரசம் அனுப்பினார்கள். தயிர்வடை யாரும் அனுப்பவில்லை.

தை பிறந்ததும், வடபழனி முருகனுக்கு ஒரு வேண்டுதல் இருப்பதாக உஷா சொன்னாள். எப்போது வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. கார் வைக்கலாம் என்றாள். பஸ்ஸில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். எங்கள் தெருமுனையிலேயே ஏறலாம். ஆனால் உட்கார இடம் வேண்டுமென்றால் கிளம்பும் இடத்திலேயே போய் ஏறுவதுதான் ஊர் வழக்கம். ஆகவே பஸ் ஏறுவதற்காக ஆட்டோ பிடித்துப் பட்டினப்பாக்கம் போனோம்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பியது. சாந்தோம். கச்சேரி ரோட்டில் கூட்டம் ஏறி, என் தோள்மேல் யாரோ ஒருவரின் பை உட்கார்ந்தது. குளத்தருகே நெரிசலில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. ஜன்னல் வழியே வந்த காற்றும் நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் ஏதோ சுருங்குவதுபோல இருந்தது. பயம்தானா, உடம்பா, தெரியவில்லை. வடபழனி வரை தம் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் எத்தனை நிறுத்தம்?

உஷா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உஷா," என்றேன். "அடுத்த ஸ்டாப்ல இறங்கிடலாமா?"

அவள் எழுந்து, கூட்டத்தை விலக்கி வழிசெய்தாள்.

லஸ்ஸில் இறங்கினோம். நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் மெதுவாகக் குடித்தேன். மூச்சு தானாகவே, யாரும் தள்ளாமல், உள்ளே வந்து வெளியே போனது. அவசரமில்லாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அடுத்த வடபழனி பஸ் வந்தது.

"முடியுமா?" என்றாள்.

"இப்போ முடியும்," என்றேன்.

ஏறினோம். உட்கார இடம் இல்லை.